தொண்ணூற்றெட்டுப் பேர்

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எண்பத்தாறாவது ஆளாக நான் யோர்தாங்காவை எழுதிக்கொண்டபோது அவள் முற்றத்தில் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தாள். செப்டம்பர் கடைசி. எங்கள் ஊரில் அந்த நாட்களில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் மிளகாய்த் தோல் கருகும் வாசனைதான் முதலில் வெளியே வரும், ஆள் அப்புறம்தான் வரும். யோர்தாங்கா கைக்கரியைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எனக்கு ஒரு முக்காலியைத் தள்ளிவிட்டாள். பிறந்த ஆண்டு, தாய்மொழி, குளிருக்கு எதை எரிக்கிறாள், தண்ணீர் குழாயிலா கிணற்றிலா என்று அரசாங்கம் கொடுத்த கையடக்கக் கணினியைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாமே எனக்குத் தெரிந்த விஷயங்கள். அவளுடைய இரண்டு பையன்களுக்கும் நான்தான் புவியியல் பாடம் நடத்தினேன். ஆனாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும், கேட்காமல் எழுதக் கூடாது என்று பயிற்சியில் மூன்று முறை சொல்லியிருந்தார்கள்.

"வீட்டுல வேற யார் யார் இருக்காங்க?"

"தெரிஞ்சுகிட்டே கேக்குறியே டீச்சர். சனிக்கிழமை சாயங்காலம் வா. போன்ல எல்லாரும் மூஞ்சிய காட்டுவானுங்க, உக்காந்து எண்ணிக்கலாம்."

"பன்னெண்டு மாசத்துக்கு மேல வெளிநாட்டுல இருந்தா எழுதக் கூடாது, யோர்தாங்கா."

"பன்னெண்டு மாசமா? பெரியவன் போய் பதினோரு வருஷம் ஆச்சு. அவன் கட்டில் மேல நான் வால்நட் காயப்போட்டிருக்கேன்."

அவள் வருத்தப்பட்டுச் சொல்லவில்லை. வால்நட் காய ஒரு நல்ல இடம் கிடைத்தது என்ற மாதிரிதான் சொன்னாள். ஒன்று என்று எழுதினேன். அந்தப் பன்னிரண்டு நாளில் ஐம்பத்தோரு வீடுகளில் நான் எழுதிய எண் பெரும்பாலும் அதுதான். கால் வலித்தது. எங்கள் ஊர் மேட்டில் பாதியும் பள்ளத்தில் பாதியுமாகக் கிடக்கும் ஊர். பூட்டிய வீடுகளின் கதவையும் தட்ட வேண்டும் என்பது விதி. தட்டிவிட்டு, பதில் வராது என்று தெரிந்தே, ஒரு நிமிஷம் நிற்பேன். இறந்தவர் படம் போட்டுக் கதவில் ஒட்டிய இரங்கல் தாளிலிருந்து அந்த வீட்டுக்காரர் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்த வேலைக்கு நான் ஆசைப்பட்டு வரவில்லை. இருபத்தேழு வருஷம் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தை ஆறு வருஷத்துக்கு முன் மூடிவிட்டார்கள். கடைசி வருஷம் மொத்தப் பள்ளிக்கும் ஏழு பிள்ளைகள். மக்கள்தொகைப் பாடம் வரும்போது பிள்ளைகளை வீடு வீடாக அனுப்பி, எந்த வயதில் எத்தனை பேர் என்று எழுதிவரச் சொல்லி, கரும்பலகையில் கட்டம் கட்டமாக வரைவேன். புத்தகத்தில் கூம்பு மாதிரி இருக்கும் படம் எங்கள் ஊருக்கு வரைந்தால் மேலே பருத்து, கீழே காம்பு மாதிரி நிற்கும். பிள்ளைகள் சிரிப்பார்கள், நானும் சிரித்திருக்கிறேன். தள்ளும் காரணம், இழுக்கும் காரணம் என்று இரண்டு பத்தி போட்டு எழுதச் சொல்வேன். தள்ளும் பக்கம் தாள் போதாமல் பின்பக்கமும் எழுதுவார்கள். அப்படி நன்றாக எழுதியவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள்.

ஊர்த் தலைவர் வேசெலின் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் அலுவலக வாசலில் எனக்காக நின்றுகொண்டிருந்தார். அறுபத்தாறு வயது. முன்பு கூட்டுப் பண்ணையில் டிராக்டர் ஓட்டியவர். இப்போது இரண்டு கண்ணிலும் பார்வை மங்கி, கார் ஓட்டும் உரிமத்தைப் போன வருஷம் வாங்கிக்கொண்டுவிட்டார்கள்.

"எத்தனை ஆச்சு டீச்சர்?"

"எண்பத்தாறு. என்னையும் சேத்தா எண்பத்தேழு."

அவர் தொப்பியைக் கழற்றி உள்ளே எதையோ தேடுகிற மாதிரி பார்த்தார். நூறுக்குக் கீழே போனால் பஸ் நின்றுவிடும் என்று நகரத்தில் ஒரு பேச்சு இருந்தது. எழுத்தில் யாரும் கொடுக்கவில்லை. ஆனால் பக்கத்து ஊரில் அப்படித்தான் நடந்தது. பஸ் என்றால் மற்றவர்களுக்குச் சந்தை, மருந்துக்கடை. வேசெலினுக்கு அது பென்கா. அவருடைய மனைவி பென்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. திங்கள், புதன், வெள்ளி காலை ஏழு மணி பஸ்ஸில் நகரத்துக்குப் போய், நாலு மணி நேரம் டயாலிசிஸ் முடித்து, மத்தியானம் அதே பஸ்ஸில் திரும்புவாள்.

"பதிமூணு பேர்தானே குறையுது" என்றார். "யோர்தாங்கா பசங்க ரெண்டு பேர். தபால்காரர் வீட்டுல மூணு. உன் இலியான் ஒண்ணு. எல்லாம் இந்த ஊர்ல பொறந்தவங்கதானே? நாளைக்கே திரும்பி வந்தா இங்கதானே வருவாங்க? பொய் ஒண்ணும் இல்லையே."

"உள்ளதத்தான் எழுதுவேன்னு கையெழுத்து போட்டிருக்கேன் அண்ணே."

"நானும்தான் ஆயிரம் கையெழுத்து போட்டிருக்கேன். யாரு வந்து பாக்கப் போறா?"

எனக்கும் அது தெரியும். யாரும் வந்து பார்க்கப் போவதில்லை. என்னால் மறுக்க முடிந்ததற்கு நேர்மைகூடக் காரணமில்லை, களைப்புதான். இல்லாத பதிமூன்று பேருக்கு அடுப்பும் தண்ணீரும் தாய்மொழியும் கற்பனை செய்து நிரப்பும் தெம்பு எனக்கு இல்லை.

"பழைய பால் பண்ணையில ஆளுங்க இருக்காங்களே" என்றேன். "பதினோரு பேர். மூணு வருஷமா இருக்காங்க. அவங்கள நான் எழுதணும். எழுதித்தான் ஆகணும்."

வேசெலினின் முகம் இறுகியது. ஊர்க் கோடியில் கூரை பாதி சரிந்த பால் பண்ணைக் கட்டடத்தில் எந்த ஊரும் சேர்த்துக்கொள்ளாத ரோமா இனக் குடும்பங்கள் இரண்டு இருந்தன. போன குளிர்காலத்தில் அவர்களைக் காலி செய்யச் சொல்லிப் போலீஸைக் கூட்டிக்கொண்டு போனவர் இவர்தான். போலீஸ்காரர்கள் குழந்தைகளையும் பனியையும் பார்த்துவிட்டு, வசந்தம் வரட்டும் என்று திரும்பிப் போனார்கள். வசந்தத்தில் யாரும் வரவில்லை.

"அவங்க நம்ம ஆளுங்களா?" என்றார்.

"இங்க தூங்குறாங்க, இங்க எந்திரிக்கிறாங்க. கேள்வி அவ்வளவுதான் அண்ணே."

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்றியதும் என் வீட்டுப் படிவத்தைத் திறந்தேன். கடைசிக்கு வைத்திருந்தேன், அதுவும் வேண்டுமென்றேதான். என் கணவன் இலியான் வலென்சியாவில் கட்டட வேலைக்குப் போய் நாலு வருஷம் ஆகிறது. கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் வருவான். வந்த முதல் நாள் வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று கேட்பான். கிளம்புவதற்கு முதல் நாள்தான் அதெல்லாம் பழகியிருக்கும். யோர்தாங்காவிடம் பெரிய விதி பேசிவிட்டு வந்த நான், அன்று சாயங்காலம் அவன் ஒருவனையாவது எழுதிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், யோசித்து முடித்துவிட்டேன். அவன் பெயரைப் போட்டு, பிறந்த ஆண்டையும் போட்டுவிட்டேன். வேலை என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் அவனைக் கூப்பிட்டேன்.

"இலியான், கணக்கெடுப்புக்கு ஒரு கேள்வி கேக்கணும்."

"கேளு."

"நீ எங்க குடியிருக்குற?"

அவன் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. "என்ன கேள்வி இது, தெமெனுகா?"

"படிவத்துல இருக்குற கேள்வி."

"இங்க நகராட்சியில பதிஞ்சுட்டேன். ரெண்டு வருஷம் ஆச்சு. இல்லாட்டி ஆஸ்பத்திரியில பாக்க மாட்டேங்குறான்."

"நீ சொல்லவே இல்லையே."

"சொல்ற அளவுக்கு என்ன இருக்குன்னு விட்டுட்டேன்."

அவன் பின்னால் ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சியின் சத்தம் குறைந்தது. அவன் எழுந்து போகவில்லை, மூச்சு என் காதருகிலேயே இருந்தது. வேறொருவர் குறைத்திருக்கிறார், அவனுக்குப் பேச வசதியாக இருக்கட்டும் என்று.

"அந்த வீட்டுல எத்தனை பேர்னு பதிஞ்சிருக்க?"

கோபமோ சமாதானமோ வரும் என்று நினைத்தேன்.

"ரெண்டு" என்றான்.

சரி என்றேன். மிளகாய் போட்டாயா, குளிருக்கு விறகு வாங்கினாயா என்று கேட்டான். வாங்கிவிட்டேன் என்றேன். போனை வைத்த பிறகு அவன் பெயரை அழித்தேன். அழிக்கவா என்று கணினி இரண்டு முறை கேட்டது, இரண்டு முறையும் ஆம் என்று அழுத்தினேன். வீட்டிலுள்ளவர்கள்: ஒன்று. மணநிலை என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் நின்றேன். சட்டப்படி என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தது. அதனால் 'மணமானவர்' என்பதை அழுத்திவிட்டு, நாலு முட்டையை வேகப்போட்டு இரண்டைச் சாப்பிட்டேன்.

மறுநாள் கணக்கெடுப்பின் கடைசி நாள். காலையில் பால் பண்ணைக்குப் போனேன். சரிந்த பக்கத்தைத் தகரத்தால் அடைத்திருந்தார்கள். வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்த செவ்தா என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து, ஈரக்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு வழியை அடைத்த மாதிரி நின்றாள். முப்பது வயது இருக்கும். அவளும் அவள் புருஷனும் ஐந்து பிள்ளைகளும் ஒரு அறையில். அடுத்த அறையில் கொழுந்தன் குடும்பம், நாலு பேர்.

"எண்ணத்தானே வந்திருக்க? திரும்பிப் போயிடு டீச்சர். இங்க யாரும் இல்ல."

"நீ நிக்கிறியே."

"நான் இல்ல. போன ஜனவரி மாசம் உங்க தலைவரு போலீஸுகிட்ட என்ன சொன்னாரு? 'இந்தக் கட்டடத்துல யாரும் கெடையாது, காகிதத்தப் பாருங்க'ன்னாரு. கையில கொழந்தைய வெச்சுகிட்டு எதிர்லயே நின்னேன். அப்ப இல்லாதவ இப்ப எப்படி இருப்பேன்?"

"எழுதினா உனக்குத்தான் நல்லது, செவ்தா."

"எழுதினா என்ன ஆகும் தெரியுமா? இன்ன கட்டடம், இன்ன ஆளுங்கன்னு காகிதத்துல வரும். அப்புறம் காலி பண்ணுன்னு சொல்ல அந்தக் காகிதமே போதும். முந்தி இருந்த ஊர்ல அப்படித்தான் ஆச்சு. எண்ணுனாங்க, இடிச்சாங்க."

இந்தக் கணக்கெடுப்புத் தகவல் யாருக்கும் போகாது என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னேன். என் குரல் எனக்கே பாடம் ஒப்பிக்கிற மாதிரி கேட்டது. அவள் மறுபடி குனிந்து துணியைப் பிழிய ஆரம்பித்தாள். மூத்த பெண் மிரேலா, ஒன்பது வயது, வாசல்படியில் உட்கார்ந்து என் கணினியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த வகுப்பு என்று கேட்டேன். பழக்க தோஷம். அந்தப் பெண் தாயைப் பார்த்தாள்.

"முகவரி இல்லாம எந்தப் பள்ளிக்கூடத்துல சேப்பான்?" என்றாள் செவ்தா, தலை நிமிராமல்.

நான் கிளம்பத் திரும்பியபோது வேசெலின் வந்துகொண்டிருந்தார். கண் தெரியாததால் பாதையின் ஓரத்தைக் கைத்தடியால் தொட்டுத் தொட்டு மெதுவாக வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. செவ்தா பிழிந்த துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு எழுந்தாள். உள்ளேயிருந்து அவள் புருஷனும் வந்து பின்னால் நின்றான்.

"என்ன தலைவரய்யா, இன்னிக்குப் போலீஸ் லீவா?"

வேசெலின் மூச்சு வாங்கினார். "இவங்கள எழுதிக்கோ" என்றார் என்னிடம், அவர்களைப் பார்க்காமல்.

"அவங்க மாட்டேங்குறாங்க அண்ணே."

"ஏனாம்?"

"என்கிட்டயே கேளுங்களேன், வாய் இருக்கு" என்றாள் செவ்தா. "நாங்க இருக்கோம்னு நீங்க முதல்ல எழுதிக் குடுங்க. இந்த எடத்து முகவரியில குடியிருக்காங்கன்னு சீல் வெச்சு. அப்புறம் டீச்சர் எழுதட்டும். ஒரு ஆளுக்கு ரெண்டு தடவ எழுதுனாலும் நான் கேக்க மாட்டேன்."

கட்டடம் ஊராட்சியுடையது. அவர் எழுதிக் கொடுத்தால் செல்லும். எழுதிக் கொடுத்தால் அவர்களை எளிதில் கிளப்பவும் முடியாது. மேட்டுத் தெருக்காரர்கள் அவரைச் சும்மா விடமாட்டார்கள். இதெல்லாம் அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். வேசெலின் சரிந்த கூரையைப் பார்த்தார், என்ன தெரிந்ததோ. ஒரு காலத்தில் அந்தக் கட்டடத்துக்கு அவர்தான் டிராக்டரில் பால் கொண்டுவருவார்.

"பென்கா நேத்து ராத்திரியில இருந்து என்கூடப் பேசல" என்றார் திடீரென்று. யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. "எதிர்ல உக்காந்து சாப்புடுறா, பேச மாட்டேங்குறா. பதினோரு பேரு இருக்கும்போதே நீ இல்லேன்னு சொல்ற, நான் மட்டும் எத்தனை நாளைக்கு இருக்கப் போறேன்னு கேட்டா. அதோட சரி."

செவ்தா துணியைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போய் ஒரு நாற்காலியை எடுத்து வந்து அவர் பின்னால் வைத்தாள். அவர் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். பிளாஸ்டிக் பைக்குள் முத்திரையும் மைப்பெட்டியும் அலுவலகத் தாளும் இருந்தன. வரும்போதே எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். அவர் கண்ணுக்கு எழுத்து தெரியாது என்பதால் நான் எழுதினேன். கையெழுத்துப் போடும் இடத்தில் அவர் விரலைப் பிடித்து வைத்தேன்.

பிறகு பதினோரு பேரையும் எழுதினேன். அடுப்பு, விறகு. தண்ணீர், தெருக்குழாய். இனம் என்ற கேள்வி வந்தபோது, விருப்பமிருந்தால் சொல்லலாம் என்றேன்.

"என்னன்னு போடலாம்? எதுக்கு மதிப்பு ஜாஸ்தி?"

"எல்லாம் ஒண்ணுதான்."

"அது பொய்யின்னு உனக்கும் தெரியும் டீச்சர்" என்று சிரித்தாள். "ரோமான்னே போடு. இவ்வளவு கஷ்டப்பட்டு எண்ண வெச்சிருக்கோம், ஆள் மாறிடப் போகுது."

தொண்ணூற்றெட்டு. வேசெலின் இரண்டு முறை கூட்டச் சொன்னார், இரண்டு முறையும் தொண்ணூற்றெட்டுதான் வந்தது. கொழுந்தன் மனைவிக்கு எட்டு மாதம், ஆனால் பிறக்காததை எழுத முடியாது. கணினியை மூடி, எண்ணிக்கையை அனுப்பினேன். அது போய்ச் சேர ஐந்து நிமிஷம் ஆனது. பால் பண்ணைப் பக்கம் சிக்னல் சரியாக வராது.

ஜனவரியில் பஸ் நின்றது. காரணம் சொல்லவில்லை. நிறுத்தத்தில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான். மூன்று வாரம் பென்காவை அக்கம்பக்கத்துக் கார்களில் கெஞ்சிக் கெஞ்சி அனுப்பினார்கள். ஒரு வெள்ளிக்கிழமை கார் கிடைக்காமல், அவள் முகமெல்லாம் வீங்கிப் போய், திங்கள்வரை மூச்சுவிடச் சிரமப்பட்டுக் கிடந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். வேசெலின் ஜன்னலருகே நின்றுகொண்டு, தெரியாத கண்ணால் சாலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அதே நேரத்தில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. செவ்தா அந்த முத்திரை வைத்த தாளை எடுத்துக்கொண்டு நகரத்துப் பள்ளிக்கு நடந்தாள், பதினாலு கிலோமீட்டர். நாலு பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும் என்றாள். முகவரி இருந்தது, வயதும் இருந்தது, மறுக்க வழியில்லை. ஊரில் பள்ளி இல்லாத பிள்ளைகளை அழைத்துவர வண்டி அனுப்ப வேண்டியது அவர்கள் பொறுப்பு. பிப்ரவரி இரண்டாம் வாரம் ஒரு மஞ்சள் நிற சின்ன பஸ் எங்கள் ஊருக்குள் வந்தது. பிள்ளைகளோடு பெரியவர் ஒருவர் கூடப் போக வேண்டும் என்றார்கள். வேறு யார் இருக்கிறார்கள்? நான் போனேன்.

முதல் புதன்கிழமையே பென்காவையும் ஏற்றிக்கொண்டேன். பிள்ளைகளையும் துணைக்குப் போகிறவர்களையும் தவிர யாரையும் ஏற்றக் கூடாது என்பது விதி. அதனால் துணையாள் இரண்டு பேர் என்று எழுதி, பென்காவின் பெயரையும் சேர்த்து அனுப்பினேன். வேசெலின் அதற்கும் முத்திரை வைத்தார். இல்லாத பதிமூன்று பேரை எழுத மறுத்த என் கைதான் இதையும் எழுதியது. அன்று அதை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. பஸ் ஏறியதும் தூங்கிவிட்டேன்.

வேசெலினும் செவ்தாவும் இப்போதும் வழியில் பார்த்தால் தலையசைப்பதோடு சரி. மேட்டுத் தெருவில் இரண்டு பேர் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். இலியான் இந்தக் கிறிஸ்துமஸுக்கு வரவில்லை, வருவான் என்று நானும் விறகு கூடுதலாக வாங்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் திரும்பி வரும்போது பென்கா ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தாள். டயாலிசிஸ் முடிந்து வரும்போது அவள் முகம் துவைத்துப் பிழிந்த துணி மாதிரி இருக்கும். மிரேலா பள்ளியில் கொடுத்த பனித்சா என்ற அப்பத்தைத் தின்னாமல் காகிதத்தில் சுற்றி வைத்திருந்தாள். அதை இரண்டாகப் பிய்த்து, பெரிய துண்டைக் காகிதத்தோடு எழுந்து போய் பென்காவிடம் நீட்டினாள். உள்ளே அடுக்கடுக்காக உப்புப் பாலாடைக்கட்டி. பென்காவுக்கு அது ஆகாது, ஒரு வாய் தின்றால்கூட அடுத்த நாள் கால் வீங்கிவிடும். நான் சொல்ல வாயெடுத்தேன். பென்கா என்னைப் பார்த்துக் கண்ணால் வேண்டாம் என்றாள். வாங்கிக்கொண்டாள். தின்னவில்லை, பைக்குள் வைக்கவும் இல்லை. ஊசி குத்திக் கட்டுப்போட்ட கையால் கீழே தாங்கி, மற்ற கையால் மூடிக்கொண்டாள்.

பஸ் அவர்கள் வாசலில் நின்றதும் வேசெலின் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். கையைப் பிடித்து இறக்கப் போனவர், அதில் ஏதோ இருப்பதை உணர்ந்து தடவிப் பார்த்தார்.

"என்ன இது? குடு, நான் வெச்சுக்கிறேன்."

"விடு" என்றாள் பென்கா.

எண்ணெய், காகிதத்தைத் தாண்டி அவள் விரல்களுக்கிடையே மினுங்கியது. அவர் ஒரு பக்கம் தோளைப் பிடித்துக்கொள்ள, உருகும் பனிச் சேற்றில் ஒவ்வொரு அடியாக வைத்து, இரண்டு கையும் மூடியபடியே அவள் உள்ளே போனாள்.